குழந்தையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல அனுமதி: குடும்ப நல நீதிமன்றங்கள் முடிவெடுக்கும் விதம்

கணவன் மனைவி பிரிந்து வாழும்போது, அவர்களில் ஒருவர் குழந்தையுடன் வெளிநாட்டில் குடியேற விரும்பினால், மற்றவரின் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். இந்த அனுமதியைத் தருவதா மறுப்பதா என்று முதலில் முடிவு செய்யும் இடம் குடும்ப நல நீதிமன்றம். ஒரு காலத்தில் பெருநகரங்களில் மட்டும் கேள்விப்பட்ட இவ்வகை வழக்குகள் இன்று திண்டுக்கல் போன்ற மாவட்டத் தலைநகரங்களுக்கும் வந்துவிட்டன. வேடசந்தூர் நூற்பாலையில் வேலை செய்தவரின் மகள் சிங்கப்பூரில் மென்பொருள் பொறியாளராகவும், ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரியின் மகன் கனடாவில் கணக்காளராகவும் இருக்கும் காலம் இது. திருமணம் இங்கே, பிள்ளைப்பேறு அங்கே, பிரிவு மறுபடியும் இங்கே என்று ஆகும்போது, குழந்தை எந்த ஊரில் வளர வேண்டும் என்ற கேள்வி நீதிபதியின் மேசைக்கு வருகிறது.

இக்கட்டுரையில் வழக்குகளின் பெயர்கள் சட்ட அறிக்கைகளில் வெளியானபடியே தரப்படுகின்றன. குழந்தைகளின் பெயர்கள் தரப்படவில்லை. அவை வாசகருக்குத் தேவையும் இல்லை.

இரண்டு வகை வழக்குகள்

பலரும் குழப்பிக்கொள்ளும் ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. முதல் வகை, "நான் குழந்தையுடன் வெளிநாடு போக வேண்டும், அனுமதி தாருங்கள்" என்று போவதற்கு முன்பே கேட்கும் வழக்கு. இது குடும்ப நல நீதிமன்றத்தில் தொடங்கும். இரண்டாவது வகை, கேட்காமலேயே ஒருவர் குழந்தையை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குக் கொண்டுவந்துவிட்ட பிறகு, மற்றவர் "திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்பது. இது பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவாக வரும். செய்தித்தாளில் நாம் படிப்பவை பெரும்பாலும் இரண்டாவது வகை. இரண்டிலும் குழந்தையின் நலனே முதன்மை என்றாலும், விசாரணையின் போக்கு வேறு, நேரம் வேறு, தவறினால் வரும் விளைவும் வேறு.

எந்தச் சட்டம், எந்த நீதிமன்றம்

1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவு, குழந்தையின் காப்பாளர் யார், குழந்தை யாருடைய பொறுப்பில் இருக்க வேண்டும் என்ற வழக்குகளைக் குடும்ப நல நீதிமன்றத்திடம் ஒப்படைக்கிறது. குடும்ப நல நீதிமன்றம் அமைக்கப்படாத பகுதியில் மாவட்ட நீதிமன்றம் அந்தப் பணியைச் செய்யும்.

விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால் இந்து திருமணச் சட்டம் 1955இன் 26ஆம் பிரிவின்படி அதற்குள்ளேயே மனு போடலாம். தனியாக வருபவர்கள் 1890ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்கீழ் வருவார்கள். வெள்ளையர் காலத்துச் சட்டம்தான், ஆனாலும் இன்றும் எல்லா மதத்தவருக்கும் பொதுவாக நடைமுறையில் இருப்பது. பேகம்பூர் முஸ்லிம் குடும்பமானாலும் மாரம்பாடி கிறித்தவக் குடும்பமானாலும் இந்தச் சட்டத்தின் வாசலில் நிற்கலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்து நீதிமன்றத்துக்குத்தான் அதிகாரம். விவாகரத்து வழக்கைத் திருமணம் நடந்த ஊரில் போடலாம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊரில் போடலாம், மனைவி தான் வசிக்கும் ஊரிலும் போடலாம். குழந்தைப் பொறுப்புக்கான தனி வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. கோடை விடுமுறைக்குத் தாத்தா வீட்டுக்கு வந்த பிள்ளையைக் காட்டி "இவன் திண்டுக்கல்லில்தான் வசிக்கிறான்" என்று சொன்னால் எதிர்த்தரப்பு முதல் வாய்தாவிலேயே அதைப் பிடித்துக்கொள்ளும். அப்போது நீதிமன்றம் பார்க்கும் ஆவணங்களில் முக்கியமானது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. எந்தத் தேதியில் எந்த வகுப்பில் சேர்ந்தான், கையெழுத்துப் போட்டவர் யார், முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் உண்டா என்பவை வழக்கின் போக்கையே மாற்றும்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு தாய் கல்வியாண்டின் நடுவில் வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் சென்றார். இரண்டு நாள் கழித்துத் தந்தை வந்து, "யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்" என்று அலுவலக வாசலில் நின்றார். அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அந்தப் பையன் வெளிநாடு போனானா வெளியூர் போனானா என்பது கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. அவனுடைய வரைபடக் குறிப்பேடு மட்டும் வகுப்பு அலமாரியில் கிடந்தது.

"தந்தை, அவருக்குப் பின் தாய்" என்பதன் பொருள்

1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 6ஆம் பிரிவில், இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. "பின்" என்ற சொல் தந்தையின் மரணத்துக்குப் பின் என்றுதான் பலகாலம் படிக்கப்பட்டது. 1999இல் கீதா ஹரிஹரன் எதிர் ரிசர்வ் வங்கி வழக்கில், தந்தை உயிரோடு இருந்தாலும் குழந்தையின் விஷயத்தில் அவர் இல்லாத நிலை இருந்தால் தாய் காப்பாளராகச் செயல்படலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. எப்படியானாலும் 13ஆம் பிரிவு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது: குழந்தையின் நலனே தலையாயது. வெளிநாடு போக அனுமதி கேட்கும் வழக்கில் "நான் தந்தை", "நான் தாய்" என்ற வாதம் தனியாக நின்று வென்றதில்லை.

இதற்கான வேர் தமிழ்நாட்டிலிருந்தே சென்ற ஒரு வழக்கில் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகப் போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973இல் உச்ச நீதிமன்றம், பிள்ளைகள் பெற்றோரின் உடைமைப் பொருள்கள் அல்லர் என்றும், பொறுப்பு பற்றிய ஆணைகள் சூழ்நிலை மாறும்போது மாற்றத்தக்கவை என்றும் கூறியது. பின்னாளில் வெளிநாடு போகும் வழக்குகள் அனைத்தும் இந்த இரண்டாவது கூற்றின் மேல்தான் நடக்கின்றன. ஆணை மாறாதது என்றால், ஒருமுறை உள்ளூரில் சந்திக்கும் உரிமை கொடுத்த பிறகு எந்தத் தாயும் தந்தையும் ஊரை விட்டே நகர முடியாது.

வேலையா, பிள்ளையா

அனுமதி கேட்டுப் போகும் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது விக்ரம் வீர் வோரா எதிர் ஷாலினி பல்லா. டெல்லியைச் சேர்ந்த தம்பதியர் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துப் பெற்றனர். மகன் தாயிடம்; தந்தைக்குச் சந்திக்கும் உரிமை. பிறகு தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. மகனையும் அழைத்துச் செல்ல அனுமதி கேட்டார். விவாகரத்தின்போது ஒப்புக்கொண்ட ஏற்பாட்டை இப்போது மாற்ற முடியாது என்பது தந்தையின் வாதம்.

விசாரணை நீதிமன்றம் அனுமதித்தது, உயர் நீதிமன்றம் ஏற்றது, 2010 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நீதிபதிகள் அந்தப் பையனைத் தங்கள் அறைக்கு அழைத்து, பெற்றோர் இல்லாமல் பேசினார்கள். அவன் தாயுடன் இருக்கவே விரும்பினான். தீர்ப்பில் கவனிக்க வேண்டியது வேறொன்று. வேலையில் முன்னேறும் உரிமை தாய்க்கும் உண்டு, பிள்ளை வேண்டுமா வேலை வேண்டுமா என்று ஒரு பெண்ணை நிறுத்தக்கூடாது என்ற கருத்தை நீதிமன்றம் வெளிப்படையாகச் சொன்னது. அதே சமயம் தந்தையைக் கைவிடவும் இல்லை: இந்தியாவுக்கு வரும் விடுமுறை நாட்களில் மகன் அவருடன் இருக்க வழி செய்யப்பட்டது.

பத்தாண்டுகள் கழித்து, 2020 அக்டோபர் 28 அன்று, ரித்திகா சரண் வழக்கிலும் இதே பாதையில் தீர்ப்பு வந்தது. பெங்களூருவில் தொடங்கிய அந்த வழக்கில் தாய் சிங்கப்பூருக்குக் குழந்தையுடன் செல்ல அனுமதிக்கப்பட்டார். தந்தை காணொளியில் பேசுவதற்கும் விடுமுறையில் சேர்ந்திருப்பதற்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. கொரோனா காலத்தில் விமானங்களே நின்றுபோயிருந்த நேரம் அது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எதைப் பார்க்கிறார்கள்

1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு குழந்தையின் வயது, பாலினம், மதம், காப்பாளராக வருபவரின் குணம், தகுதி, உறவின் நெருக்கம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்கிறது. சிந்தித்துச் சொல்லும் வயது வந்த குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம் என்கிறது. எத்தனை வயது என்று சட்டம் சொல்லவில்லை, அது நல்லதுதான். ஒன்பது வயதில் தெளிவாகப் பேசும் பிள்ளைகளையும் பதினான்கு வயதில் பாட்டி சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கும் பிள்ளைகளையும் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த பதிலைக் கண்டுபிடிப்பது நீதிபதிக்கும் ஆசிரியருக்கும் பொதுவான வேலை.

வெளிநாட்டு வழக்கில் இவற்றோடு சில நடைமுறைக் கேள்விகள் சேரும். அங்கே தங்கும் விசா எத்தனை ஆண்டுக்கு? பிள்ளைக்கும் அது கிடைக்குமா? வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வார்கள்? எந்தப் பள்ளி? இங்கே தமிழ் வழியில் படித்த பிள்ளை அங்கே எந்த வகுப்பில் அமரும்? இதுவரை நீதிமன்றம் போட்ட ஆணைகளை மனுதாரர் மதித்து நடந்தாரா? கடைசிக் கேள்விக்கு எடை அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் தந்தையைப் பார்க்க விடச் சொன்ன ஆணையையே சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தவர், மெல்போர்னிலிருந்து மாதம் தவறாமல் பேச வைப்பார் என்று எந்த நீதிபதி நம்புவார்?

அனுமதி கிடைத்தால் அது வெறும் "போகலாம்" என்ற ஒரு வரியாக வருவதில்லை. முகவரி, பள்ளி விவரம் தர வேண்டும். காணொளி அழைப்புக்குக் கிழமையும் நேரமும் குறிக்கப்படும். விடுமுறைக்கு யார் செலவில் வருவது என்று எழுதப்படும். திரும்பி வருவதாக உறுதிமொழிப் பத்திரமும் சில வேளை வைப்புத் தொகையும் கேட்கப்படும். யஷிதா சாஹு வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம், வேறு நாட்டில் இருக்கும் பெற்றோர் நாள்தோறும் ஐந்து பத்து நிமிடமாவது குழந்தையுடன் காணொளியில் பேச வழி இருக்க வேண்டும் என்றது. அதைப் பெற்றோரின் உரிமையாக மட்டும் பார்க்காமல் குழந்தையின் உரிமையாகவும் பார்த்தது.

காகிதத்தில் இருந்த பாதுகாப்பு

நிபந்தனைகள் எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்கு கன்சாக்ரா வழக்கு ஒரு கசப்பான பாடம். தாய் டெல்லியில், தந்தை கென்யாவில். டெல்லி சாகேத் குடும்ப நல நீதிமன்றம் 2018 ஜனவரியில் மகனின் பொறுப்பைத் தந்தைக்கு வழங்கியது. உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் அதை ஏற்றது. 2020 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் உறுதி செய்தனர். நீதிபதி ஹேமந்த் குப்தா மட்டும் மாறுபட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பு இரண்டு காப்புகளை வைத்தது. இந்திய ஆணையின் நிபந்தனைகளை அப்படியே ஏற்றுக் கென்ய உயர் நீதிமன்றம் தன் சார்பில் ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். வழக்கறிஞர்கள் இதை 'மிரர் ஆர்டர்' என்பார்கள், தமிழில் நேரிணை ஆணை எனலாம். மற்றொன்று, தந்தை ஒரு கோடி ரூபாயை நீதிமன்றத்தில் வைப்பாகக் கட்ட வேண்டும்.

நேரிணை ஆணையைக் காட்டினார், மகனை அழைத்துச் சென்றார். அதன்பின் தாய்க்கு மகனைக் காட்டவில்லை. அதற்கும் மேலாக, இந்திய ஆணை அங்கே செல்லாது என்று கென்ய நீதிமன்றத்தை நாடினார். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பையே திரும்பப் பெற்று, மகனைத் தாயிடம் ஒப்படைக்கவும் மத்தியப் புலனாய்வுத் துறை நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. 2022 நவம்பரில் நீதிமன்ற அவமதிப்புக்காகத் தந்தைக்கு ஆறு மாதச் சிறையும் 25 லட்சம் ரூபாய் அபராதமும் விதித்தது. தண்டனை இந்தியாவில், தண்டிக்கப்பட்டவர் இந்தியாவுக்கு வெளியே. அந்த இடைவெளியில்தான் இவ்வகை வழக்குகளின் உண்மையான ஆபத்து இருக்கிறது. 1890ஆம் ஆண்டுச் சட்டமும் 26ஆம் பிரிவில், நீதிமன்றம் நியமித்த காப்பாளர் அனுமதியின்றிக் குழந்தையை எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது. மீறினால் 44ஆம் பிரிவின்படி அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய், அல்லது ஆறு மாதம்வரை உரிமையியல் சிறை. அன்றைய ஆயிரம் ரூபாய்க்கு நிலம் வாங்கியிருக்கலாம். இன்று அது விமானப் பயணச் சீட்டில் வரிக்குக்கூடக் காணாது.

கோயம்புத்தூர் வழக்கும் அதற்குப் பின்னும்

அனுமதியின்றி வந்தவர்களின் வழக்குகளில் நமக்கு மிக அருகில் நடந்தது சூர்ய வதனன் எதிர் தமிழ்நாடு அரசு. இங்கிலாந்தில் வாழ்ந்த தம்பதியருக்கு இரண்டு மகள்கள். 2012 ஆகஸ்டில் தாய் மகள்களுடன் இந்தியா வந்து, கோயம்புத்தூர் குடும்ப நல நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டார். தந்தை இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தை அணுக, அது குழந்தைகளைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டதாக அறிவித்து, திருப்பிக் கொண்டுவர ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் தந்தையின் ஆட்கொணர்வு மனுவைத் தள்ளியது. 2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, குழந்தைகள் இங்கிலாந்து போக வேண்டும் என்றது. எந்த நாட்டு நீதிமன்றம் முதலில் பயனுள்ள இடைக்கால ஆணை போடுகிறதோ அதற்கு மதிப்பளிக்க வேண்டும் என்பது அப்போதைய கருத்து.

அந்தக் கருத்து இரண்டு ஆண்டுதான் நின்றது. 2017 ஜூலையில் நித்யா ஆனந்த் ராகவன் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, வெளிநாட்டு ஆணை என்பது பார்க்க வேண்டிய காரணிகளில் ஒன்று மட்டுமே. முந்திக்கொண்டு ஆணை வாங்கியவர் வென்றார் என்று ஆகாது என்று கூறியது. இதன்பின் ஒவ்வொரு வழக்கும் அதன் சொந்த உண்மைகளின் மேல் நிற்கிறது. 2022 ஜூலையில் ராஜேஸ்வரி சந்திரசேகர் கணேஷ் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் வேடங்கள் இடம் மாறியிருந்தன. அங்கே குழந்தைகளை அமெரிக்காவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் தந்தை. ஒகையோ நீதிமன்றத்தின் பகிர்வு ஏற்பாட்டை மீறினார் என்பது தாயின் புகார். உச்ச நீதிமன்றம் குழந்தைகள் தாயுடன் அமெரிக்கா திரும்ப வேண்டும் என்றது.

இந்தியாவில் இந்தக் குழப்பம் நீடிக்க ஒரு காரணம் உண்டு. அனுமதியின்றி நாடு கடத்தப்பட்ட குழந்தைகளை விரைவில் திருப்பி அனுப்ப 1980இல் உருவான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. இலங்கை சேர்ந்து 2001இலேயே அதற்கெனச் சட்டமும் இயற்றியது. இந்தியச் சட்ட ஆணையம் 2009இல் 218ஆவது அறிக்கையில் சேரலாம் என்றது. 2016இல் 263ஆவது அறிக்கையில் வரைவுச் சட்டம் பற்றியும் எழுதியது. நீதிபதி ராஜேஷ் பிந்தல் குழு 2018இல் தன் அறிக்கையை அளித்தது. சேர்ந்தால், வெளிநாட்டில் அடி உதைக்குப் பயந்து பிள்ளையோடு ஓடிவந்த பெண்ணையும் குற்றவாளிபோல் திருப்பி அனுப்ப நேரும் என்பது எதிர்ப்பவர்களின் அச்சம். அந்த அச்சம் பொய்யல்ல. ஆனால் சேராமல் இருப்பதால், இங்கிருந்து தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளைக்காக நிற்கும் பெற்றோருக்கும் அந்த உடன்படிக்கையின் வழி மூடியே கிடக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கனடாவில் வேறு முறை. அங்கு விவாகரத்துச் சட்டத்தில் 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, இடம் மாற விரும்பும் பெற்றோர் 60 நாட்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மற்றவர் 30 நாட்களுக்குள் மறுப்புத் தெரிவிக்கலாம். பெட்டி கட்டிய பிறகு வழக்கு என்பதற்குப் பதில், வழக்குக்குப் பிறகு பெட்டி.

திண்டுக்கல்லிலிருந்து பார்த்தால்

குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது சட்டப்படியான உரிமையாக இல்லை. 13ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும், நடைமுறையில் அனுமதிக்கிறது. 9ஆம் பிரிவு முதலில் சமரசத்துக்கு முயலச் சொல்கிறது. வெளிநாட்டு வழக்கில் சமரசம் என்பது சேர்ந்து வாழ்வது என்று மட்டும் பொருள்படாது. எந்த விடுமுறை யாருக்கு என்று உட்கார்ந்து எழுதிக்கொள்வதும் சமரசமே.

இறுதி ஆணையை எதிர்த்து 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். திண்டுக்கல் மாவட்டத்துக்கு அது 2004 ஜூலை 24 முதல் இயங்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு. இடைக்கால ஆணைக்கு இந்த மேல்முறையீடு கிடையாது. அரசியலமைப்பின் 227ஆம் உறுப்பின்கீழ் சீராய்வுக்குத்தான் போக வேண்டும். பல குடும்பங்கள் இங்கேதான் நாட்களை இழக்கின்றன. வெளிநாடு போக அனுமதி பெரும்பாலும் இடைக்கால மனுவில் கேட்கப்படுவது. விமானம் ஏறிய பிறகு சீராய்வு மனு எண்ணிடப்பட்டுப் பயனில்லை. எனவே எதிர்ப்பவர், ஆணை வெளியான அன்றே அதைச் சிறிது காலம் நிறுத்திவைக்கும்படி அதே நீதிமன்றத்தில் கேட்டுக்கொள்வது வழக்கம்.

பாஸ்போர்ட் தனிக் கதை. சிறுவருக்குப் பாஸ்போர்ட் எடுக்க இரு பெற்றோரும் இணைப்பு 'டி' என்ற உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மறுத்தாலோ பிரிந்திருந்தாலோ, விண்ணப்பிப்பவர் காரணத்தைக் கூறி இணைப்பு 'சி' தரலாம். திண்டுக்கல் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின்கீழ் வருகிறது. மறுக்கும் தரப்பு சும்மா இருக்கக் கூடாது. பொறுப்பு வழக்கு நிலுவையில் இருப்பதையும் தடை ஆணை இருந்தால் அதன் நகலையும் அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். குழந்தை வெளிநாட்டில் பிறந்து அந்நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் இந்தக் காவல் இல்லை. அப்போது பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைக்கக் கோரி முதல் நாளிலேயே மனு போட வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் இன்னொரு முடிச்சும் உண்டு. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தாண்டுக்கு, அல்லது பதினெட்டு வயது நிறையும்வரை, எது முந்துகிறதோ அதுவரை செல்லும். ஆறு வயதில் அனுமதியுடன் போன பிள்ளைக்குப் பதினோரு வயதில் அங்குள்ள தூதரகத்தில் புதுப்பிக்க வேண்டிவரும். மறுபடியும் இரண்டு கையெழுத்து. அதனால் அனுமதி ஆணை எழுதப்படும்போதே, புதுப்பித்தலுக்கு மற்றவர் ஒத்துழைக்க வேண்டும் என்றோ, அந்த ஆணையே போதும் என்றோ ஒரு வரி சேர்த்துக் கேட்பது அனுபவமுள்ள வழக்கறிஞர்களின் பழக்கம்.